டாம் புட்டிங் படகுத் தொடர்: கேள்வி பதில்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், ஏர் அண்ட் கால்டர் கால்வாயில் 1860-களில் தொடங்கி 1980-களின் நடுப்பகுதி வரை நிலக்கரி சுமந்த பெட்டிப் படகுகளுக்கு ‘டாம் புட்டிங்’ என்று பெயர். அவை பற்றி வந்த கேள்விகளும் பதில்களும்.

கேள்வி: ஒரே பெரிய படகாக விடாமல் ஏன் இத்தனை சின்னப் பெட்டிகள்?

இறக்குமிடத்தை மனதில் வைத்து யோசித்ததால்தான். கூல் துறைமுகத்தில் படகையே தூக்கிக் கப்பலுக்குள் கவிழ்த்துவிட வேண்டும் என்பது திட்டம். கால்வாய் நிறுவனத்தின் பொறியாளர் வில்லியம் பார்த்தலோமியூ வடிவமைத்தது. ஒரு பெட்டி ஏறக்குறைய 20 அடி நீளம், 15 அடி அகலம். 35 முதல் 40 டன் பிடிக்கும். எஞ்சின் கிடையாது, சுக்கான் கிடையாது. தூக்கக்கூடிய எடைதான் பெட்டியின் அளவைத் தீர்மானித்தது.

கேள்வி: சுக்கான் இல்லாமல் வளைவில் எப்படித் திருப்பினார்கள் சார்?

ஆரம்பத்தில் டக் (எஞ்சின் உள்ள இழுவைப் படகு) பின்னாலிருந்து தள்ளியது. பெட்டியின் ஒரு முனையில் செங்குத்தான புடைப்பு, மறுமுனையில் அதற்கேற்ற பள்ளம். ஒன்றுக்குள் ஒன்று உட்காரும், ஆனால் மடங்கும். இருபுறமும் ஓடும் இரும்புக் கயிறுகளில் ஒரு பக்கத்தை இறுக்கினால் தொடர் பாம்பு மாதிரி அந்தப் பக்கம் வளையும். பெட்டிகளின் எண்ணிக்கை கூடியபோது இது சரிப்படவில்லை. பிறகு இழுவைதான், 19 பெட்டித் தொடர் சாதாரணமாகப் போனது.

கேள்வி: ‘ஜீபஸ்’ என்பது என்ன?

கரி ஏற்றாத ஆப்பு வடிவப் பெட்டி. இழுக்கும்போது டக்கின் விசிறி தள்ளும் நீர், முதல் பெட்டியின் தட்டையான முகத்தில் நேராக மோதும். டக் தன் பலத்தைத் தானே தின்றுவிடும். இடையில் ஜீபஸை வைத்தால் நீர் இரண்டாகப் பிரிந்து ஓரமாகப் போய்விடும். சின்ன விஷயம், ஆனால் இது இல்லாமல் இழுவை எடுபட்டிருக்காது.

கேள்வி: அடிக்கடி எதில் சிக்கல் வரும்?

நிறுத்துவதில். பெட்டிகளுக்கு பிரேக் இல்லை. 19 பெட்டி நிறைந்தால் ஏறக்குறைய 700 டன் கரி. டக் சட்டென்று வேகம் குறைத்தால் பின்னால் வருபவை முன்னவற்றின் மேல் முட்டி, தொடர் கோணல்மாணலாக மடிந்து கால்வாயை அடைத்துக்கொள்ளும். லாக் (படகை ஏற்றி இறக்க நீர்மட்டத்தை மாற்றும் கதவடைப்பு) வருவதற்கு வெகு முன்பே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

காலிப் பெட்டிகள் இன்னும் மோசம். நீருக்கு மேலே உயர்ந்து நிற்பதால் பக்கக் காற்று அப்படியே கரைக்குத் தள்ளிவிடும். இன்னொன்று: ஆழம் குறைந்த இடத்தில் எஞ்சினை முடுக்கினால் வேகம் கூடாது. டக்கின் பின்பகுதி தாழும், கரையோர நீர் உள்வாங்கும், கரை அரிக்கும்.

கேள்வி: கவிழ்ப்பது எப்படி? கரி நொறுங்காதா?

நீருக்குள் இறங்கியிருக்கும் தொட்டிலுக்குள் பெட்டியை மிதக்கவிட்டுப் பூட்டுவார்கள். நீரழுத்த விசை அதை மேலே தூக்கிப் பக்கவாட்டில் சாய்க்கும். கரி சரிவுத் தகடு வழியாகக் கப்பலுக்குள் இறங்கும். உயரத்திலிருந்து விழுந்தால் கட்டி தூளாகும், தூளுக்கு விலை குறைவு. அதனால் தகட்டின் நுனியைக் குவியலுக்கு எவ்வளவு அருகில் வைக்க முடியுமோ அவ்வளவு அருகில் வைக்க வேண்டும். ஒரே இடத்தில் கொட்டினால் கப்பல் சாயும். ஈரத்தூள் பெட்டியின் அடியில் அப்பிக்கொள்ளும், பனிக்காலத்தில் உறைந்தும் போகும்.

கேள்வி: இப்போது ஏதாவது மிச்சமிருக்கிறதா?

கூலில் பெட்டிகளைத் தூக்கிக் கவிழ்த்த இயந்திரங்களில் 5-ஆம் எண் இயந்திரம் இன்னும் நிற்கிறது. இதே யோசனையில், மூன்று பெரிய பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகும் முறை 1960-களில் ஃபெரிபிரிட்ஜ் சி அனல் மின் நிலையத்துக்காக வந்தது; ஒவ்வொன்றிலும் 170 டன் அளவுக்குக் கரி.