இடைநிலை நாடக வகுப்பு: கேள்வி – பதில்

கேள்வி: உயர்நிலைப் பள்ளியில் இடைநிலை நாடக வகுப்பு எடுக்கிறேன். 24 மாணவர்கள். வாரம் 2 வகுப்பு, ஒவ்வொன்றும் 45 நிமிடம், மொத்தம் 30 வாரம். அரங்க விளையாட்டு, மைம் (பேசாமல் உடலால் நடிப்பது), குட்டிக் காட்சி எல்லாம் சென்ற ஆண்டே செய்துவிட்டார்கள். மறுபடி செய்யச் சொன்னால் சலித்துக்கொள்கிறார்கள். முழு நாடகம் போடும் பக்குவமும் இன்னும் வரவில்லை. பாடத்திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

பதில்: கடைசியிலிருந்து தொடங்குங்கள். ஆண்டு முடியும்போது ஒரு மாணவர் யார் துணையும் இல்லாமல் எதைச் செய்ய வேண்டும் என்பதை முதலில் ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். நாங்கள் வைக்கும் வரி இது: மூன்று நிமிடக் காட்சி ஒன்றைக் கையில் கொடுத்தால், தானே படித்து, முடிவுகள் எடுத்து, ஒத்திகை பார்த்து, அதை இரண்டு முறை ஒரே மாதிரி நடித்துக் காட்ட வேண்டும்.

அந்த ‘இரண்டு முறை’தான் இடைநிலையின் உயிர். முதலாண்டு மாணவர் ஒருநாள் பிரமாதமாக நடித்துவிடுவார். மறுநாள் அது வராது. முதல் நாள் அவர் எதையும் தேர்ந்தெடுத்துச் செய்யவில்லை, தானாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான். தேர்ந்தெடுக்கவும், தேர்ந்தெடுத்ததைத் திரும்பக் கொண்டுவரவும் பழக்குவதுதான் இந்த ஆண்டின் வேலை.

இனி கணக்கு. தாளில் 60 வகுப்பு இருக்கிறது. தேர்வு, விடுமுறை, பள்ளி விழா எல்லாம் போக 50 தேறும் என்று வைத்துத் திட்டமிடுங்கள். குழுவாகப் பழக 6, உடலும் குரலும் 8, இருவர் காட்சி 12, உடனடி நடிப்பு (எழுதிய வசனம் இல்லாமல் அந்தக் கணத்தில் உருவாக்கி நடிப்பது) 6, மேடைக்குப் பின்னால் நடக்கும் வேலை 8, இறுதிக் குறுநாடகம் 10. மிஞ்சும் வகுப்பு கிடைத்தால் புதுப் பாடம் சேர்க்காதீர்கள், ஒத்திகைக்கே கொடுங்கள்.

இருவர் காட்சிக்கு 12 வகுப்பு அதிகமாகத் தெரியலாம். எண்ணிப் பாருங்கள். 24 பேர் என்றால் 12 ஜோடி. ஒரு ஜோடி நடிக்க 3 நிமிடம், கருத்துச் சொல்ல 3 நிமிடம், இடம் மாற 1 நிமிடம், ஆக 7. வருகைப் பதிவும் உடல் தளர்த்தலும் போக வகுப்பில் 30 நிமிடம் கிடைக்கும். அதில் 4 ஜோடிதான் முடியும். எல்லோரையும் ஒருமுறை பார்த்து முடிக்கவே 3 வகுப்பு ஆகிவிடுகிறது. திருத்தம் சொல்லி மறுபடி பார்க்க இன்னொரு 3. படித்து அலச 2, மேடை நகர்வு (யார் எப்போது எங்கே நகர்வது) அமைக்க 2, தனி ஒத்திகைக்கு 2. சரியாக 12. இதை 6 வகுப்பில் முடிக்கப் பார்க்கும் திட்டத்தில் முதலில் அடிபடுவது அந்த இரண்டாம் சுற்றுதான். மாணவர் உண்மையில் கற்றுக்கொள்வதோ அந்தச் சுற்றில்தான்.

12 ஜோடிக்கும் 12 காட்சி தேடி அலையாதீர்கள். 4 காட்சி போதும். ஒவ்வொன்றையும் 3 ஜோடி செய்யட்டும். ஒரே வசனம் மூன்று விதமாக உயிர் பெறுவதைக் கண்ணால் பார்த்துவிட்டால், ‘நடிப்பு என்பது தேர்வு’ என்று நீங்கள் தனியாகப் பிரசங்கம் செய்யவே வேண்டாம். காட்சியில் இருவருக்கும் வசனம் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். ஒருவர் போனில் பேசிக்கொண்டே இருக்கும் காட்சியும், அழுகையில் தொடங்கும் காட்சியும் வேண்டாம். முன்னதில் எதிரே ஆள் இல்லை, பின்னதில் ஏறிப் போக இடம் இல்லை.

ஒரு ஜோடி நடிக்கும்போது மற்ற 22 பேரும் சும்மா உட்கார்ந்திருப்பதால்தான் பல வகுப்புகள் குலைகின்றன. பார்ப்பவர்களுக்கும் வேலை கொடுங்கள். ஒரு வரிசை நடிப்பவர்களின் கால்களை மட்டும் பார்க்கட்டும். அடுத்த வரிசை, பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பவரை மட்டும். மூன்றாம் வரிசை, எந்த இடத்தில் தன் கவனம் நழுவியது என்று குறிக்கட்டும். ‘நல்லா இருந்துச்சு’ என்ற கருத்தை ஏற்காதீர்கள். ‘எப்போது, எதைப் பார்த்தாய்?’ என்று கேளுங்கள்.

கேள்வி: ‘பாத்திரத்தின் நோக்கம் என்ன?’ என்று கேட்டால் ‘கோபம்’, ‘சோகம்’ என்றே எழுதுகிறார்கள். எப்படித் திருத்துவது?

பதில்: கோபம் ஒரு நிலை. நிலையை நடிக்கப் போனால் குரல் உயரும், புருவம் நெறியும், அதற்குமேல் ஒன்றும் நடக்காது. நோக்கத்தை எப்போதும் எதிரில் இருப்பவரை வைத்து, வினைச்சொல்லில் முடியும்படி எழுதச் சொல்லுங்கள்: ‘அவளை மன்னிப்புக் கேட்க வைக்க வேண்டும்’, ‘அவனை இந்த அறையை விட்டுப் போகவிடாமல் தடுக்க வேண்டும்’. சோதனை எளிது. நோக்கம் நிறைவேறிவிட்டது என்பதை எதிராளியிடம் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வாய்? இதற்குப் பதில் இல்லையென்றால் அது நோக்கமே இல்லை.

ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி (1863–1938) வலியுறுத்திய ‘கொடுக்கப்பட்ட சூழல்’ – யார், எங்கே, எப்போது, சற்றுமுன் என்ன நடந்தது – இதைப் புரியவைக்கப் பொருள் தெளிவில்லாத ஓர் உரையாடல் போதும்:

அ: வந்துட்டியா?
ஆ: ம்.
அ: எடுத்துட்டு வந்தியா?
ஆ: இல்ல.
அ: சரி.
ஆ: என்ன சரி?
அ: ஒண்ணுமில்ல.
ஆ: நான் கிளம்பட்டுமா?

முதல் ஜோடிக்கு ரகசியமாக ஒரு சீட்டு: ஆ கொண்டுவர வேண்டியது அ-வின் மருத்துவ அறிக்கை, ‘இல்ல’ என்பது பொய், அது பையில்தான் இருக்கிறது. இரண்டாம் ஜோடிக்கு: கொண்டுவர வேண்டியது நாளைய கேள்வித்தாள், ஆ-வுக்கு மனசாட்சி உறுத்துகிறது. ஒரு சொல்லும் மாறவில்லை. ஆனால் அந்தச் ‘சரி’ முதல் ஜோடியில் ஆளை உடைக்கும், இரண்டாவதில் மிரட்டும். பார்ப்பவர்கள் சூழலை ஊகித்துச் சொல்லட்டும். ஊகம் தவறினால் சீட்டில் இருந்தது நடிப்பில் வந்து சேரவில்லை என்று பொருள். எட்டு வரி ஐந்து நிமிடத்தில் மனப்பாடமாகிவிடும். அதனால் கையில் தாள் இல்லாமல் ஒருவரை ஒருவர் பார்த்தே பேசலாம்.

கேள்வி: எல்லா உணர்ச்சியும் முகத்திலேயே நிற்கிறது. உடம்பு மரக்கட்டையாக இருக்கிறது.

பதில்: தொல்காப்பியம் உணர்ச்சிகளுக்கு வைத்த பெயரே மெய்ப்பாடு. மெய் என்றால் உடம்பு. நகை, அழுகை, இளிவரல் (இழிவு உணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை என்ற எட்டையும் சீட்டில் எழுதிக் குலுக்குங்கள். எடுத்தவர் பார்வையாளருக்கு முதுகைக் காட்டி நின்று அதைக் கொண்டுவர வேண்டும். முகம் தெரியாதபோது தோள், கழுத்து, முழங்கால், மூச்சு எல்லாம் வேலை செய்தாக வேண்டும். இளிவரலும் அச்சமும் முதுகில் ஒன்றுபோலத் தெரிந்து குழப்பும். அந்தக் குழப்பத்தைத்தான் வகுப்பில் நெடுநேரம் பேச வேண்டும்.

அடுத்து நடன, அசைவு ஆய்வாளர் ருடால்ஃப் லாபான் வகுத்த அசைவுக் குணங்கள். அழுத்தமா மென்மையா, சட்டென்றா நிதானமாகவா, நேராகவா சுற்றியா – மூன்று இரட்டைகளைச் சேர்த்தால் எட்டு விதம். ஒரு பிளாஸ்டிக் டம்ளரை மேசையில் வைப்பதை எட்டு விதத்திலும் செய்யச் சொல்லுங்கள். பிறகு ‘எந்த விதம் உன் பாத்திரத்துடையது?’ என்று கேளுங்கள். இந்தப் பாடத்தில் அதிகம் சொதப்புவது வேகம்: ஆசிரியர் எட்டையும் ஒரே வகுப்பில் முடிக்கப் பார்ப்பார். ஒரு வகுப்புக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம்.

கேள்வி: பின்வரிசைக்கு வசனம் கேட்பதில்லை. சத்தமாகப் பேசச் சொன்னால் கத்துகிறார்கள்.

பதில்: பெரும்பாலும் பிரச்சினை சத்தத்தில் இல்லை, வாக்கியத்தின் கடைசியில் இருக்கிறது. தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. ‘நேத்து ராத்திரி அவன் வீட்டுக்கு…’ என்பது வரை எல்லோருக்கும் கேட்கும்; மூச்சு தீர்ந்து குரல் இறங்கும் இடத்தில் ‘வந்தான்’ என்றாரா ‘வரல’ என்றாரா என்பது விழுங்கப்பட்டுவிடும். கதையே அந்தச் சொல்லில்தானே இருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் கடைசிச் சொல்லைப் பேசும்போது ஓர் அடி முன்னே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கால் முன்னே போனால் குரல் பின்னே விழாது. இரண்டு வாரம் கழித்து அந்த அடியை நீக்கிவிடலாம்.

மூச்சுக்கு: 4 எண்ணும்வரை இழுத்து, ‘ஸ்ஸ்’ என்று 12 எண்ணும்வரை சீராக விடுவது, சில வாரங்களில் 20. இழுக்கும்போது தோள் தூக்கினால் தவறு, விலா விரிய வேண்டும். தொண்டை எரிந்தால் அன்று குரல் பயிற்சி போதும். கிசுகிசுப்பாகப் பேசுவது தொண்டைக்கு ஓய்வு என்று நினைக்க வேண்டாம், அதுவும் சிரமம்தான்.

கேள்வி: உடனடி நடிப்பு எப்போதும் சண்டையிலோ கிச்சுக்கிச்சுவிலோ முடிகிறது.

பதில்: யார் யாருக்கு என்ன உறவு என்று தெரியாமல் தொடங்குவதுதான் காரணம். முதல் மூன்று வசனத்துக்குள் உறவும் இடமும் வெளிப்பட வேண்டும் என்று விதி வையுங்கள். அரங்க விளையாட்டுகளை உருவாக்கிய அமெரிக்க நாடகப் பயிற்சியாளர் வயோலா ஸ்போலின் ‘யார், எங்கே, என்ன’ என்று கேட்கவைத்தது இதற்காகத்தான். சண்டை வந்துவிட்டால் நிறுத்தாதீர்கள். ‘அடுத்த வசனத்தில் யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்கணும்’ என்று ஓரத்திலிருந்து குரல் கொடுங்கள். காட்சி அங்கிருந்துதான் நகரும்.

கேள்வி: அரங்க விளக்கு, ஒலிப்பெட்டி எதுவும் இல்லை. மேடைக்குப் பின்னால் நடக்கும் வேலையை எப்படிக் கற்பிப்பது?

பதில்: ஒரு மாஸ்க்கிங் டேப்பும் அளவு நாடாவும் இருந்தால் பாதி பாடம் முடிந்தது. காட்சியின் தரைப்படத்தை முதலில் 1 மீட்டருக்கு 2 செ.மீ. என்ற அளவில் தாளில் வரையட்டும். பிறகு அதையே வகுப்புத் தரையில் முழு அளவில் டேப்பால் ஒட்டட்டும். தாளில் தாராளமாகத் தெரிந்த வாசல் தரையில் 40 செ.மீ. இருந்து ஆளே நுழைய முடியாமல் போகும். அந்தப் பிழையை அவர்களே கண்டுபிடிக்கட்டும். நாற்காலியின் பின்கால்கள் நிற்கும் இடத்தை மட்டும் சிறு துண்டு டேப்பால் குறித்தால் போதும்; நாலு காலையும் குறித்தால் தரை முழுக்கக் குப்பையாகிவிடும்.

ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு மேடை மேலாளரை நியமியுங்கள். அவர் கோப்பில் வலப்பக்கம் வசனம், இடப்பக்கம் நகர்வும் கியூவும் (விளக்கு, ஒலி மாற வேண்டிய நேரத்துக்கான குறிப்பு), எல்லாம் பென்சிலில். பேனாவில் எழுதினால் மூன்றாவது ஒத்திகையில் படிக்கவே முடியாது. கியூ கொடுக்கும்போது முதலில் ‘தயார்’, பிறகு உரிய நேரத்தில் ‘போ’. ஒத்திகை நடக்கையில் வேறு எதற்கும் அந்தப் ‘போ’வைச் சொல்லக் கூடாது. வகுப்பறை விளக்கு ஸ்விட்சை வைத்தே இதைப் பழகலாம். ஏணியில் மாணவர் ஏறும் வேலையை மட்டும் திட்டத்திலேயே சேர்க்காதீர்கள்.

கேள்வி: மதிப்பெண் எப்படிப் போடுவது? கூச்சப்படும் பிள்ளைக்கு அநியாயமாகிவிடுகிறது.

பதில்: திறமைக்கு மதிப்பெண் போட்டால் அநியாயம்தான். கண்ணால் பார்க்கக்கூடியதற்குப் போடுங்கள். 100-இல் ஒத்திகைக்கு 30, காட்சி அலசல் எழுத்துக்கு 20, நடிப்புக்கு 30, மேடைப் பின்வேலைக்கு 20. ஒத்திகை 30-க்குள்: சொன்ன தேதிக்குள் வசனம் மனப்பாடமா, அமைத்த நகர்வை இரண்டு முறை மாற்றாமல் செய்தாரா, கொடுத்த திருத்தம் அடுத்த முறை தெரிந்ததா. கூச்சமுள்ள மாணவர் இவற்றில் முழு மதிப்பெண் வாங்க முடியும், வாங்குகிறார்கள். அளவுகோலைக் காட்சி கொடுக்கும் அன்றே கையில் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: தொட்டு நடிக்க வேண்டிய காட்சிகளை வைக்கலாமா?

பதில்: கைகுலுக்கல், தோளில் கை, இதற்குமேல் இந்த நிலைக்குத் தேவையில்லை. அதையும் எந்த வசனத்தில், எந்த இடத்தில், எவ்வளவு நேரம் என்று இருவரும் பேசி முடிவு செய்து, கோப்பில் எழுதிக்கொண்டு, அப்படியே செய்ய வேண்டும். மேடையில் திடீரென மாற்றக் கூடாது. ‘வேண்டாம்’ என்று ஒருவர் சொன்னால் காரணம் கேட்காமல் வேறு வழி தேடுங்கள். பார்வையும் இடைவெளியும் தொடுகையை விட அதிகம் சொல்லும். அறைவது, தள்ளுவது முறையான மேடைச் சண்டைப் பயிற்சி பெற்றவர் இல்லாமல் கூடவே கூடாது.

கேள்வி: ஆண்டு இறுதிக்கு 40 நிமிட நாடகம் ஒன்றை எல்லோரும் சேர்ந்து போடலாமா?

பதில்: மேடையில் 1 நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 மணி நேர ஒத்திகை என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 வகுப்பு என்பது ஏழரை மணி நேரம். 40 நிமிட நாடகத்துக்கு அது கட்டாது. தலைமைப் பாத்திரம் நால்வருக்குப் போக, மற்ற 20 பேர் சுவரோரம் காத்திருப்பார்கள். 8 பேர் கொண்ட 3 குழு, ஒவ்வொன்றுக்கும் 7 அல்லது 8 நிமிடக் குறுநாடகம், மூன்றும் ஒரே நேரத்தில் மூன்று மூலையில் ஒத்திகை. ஒவ்வொரு குழுவிலும் 5 பேர் நடிக்க, ஒருவர் மேடை மேலாளர், ஒருவர் இயக்குநர், ஒருவர் அரங்கப் பொருளும் ஒலியும். ஐவரில் ஒருவர் வராமல் போனால் அவர் நகர்வு மேடை மேலாளருக்குத் தெரிந்திருக்கும்; கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அந்த இடத்தில் நிற்கட்டும், ஒத்திகை நிற்க வேண்டாம்.

3-ஆம் வகுப்பில் நகர்வு முடிய வேண்டும், 5-இல் கையில் தாள் கூடாது, 8-இல் விளக்கும் ஒலியும் சேர வேண்டும், 9-இல் நிறுத்தாமல் முழு ஓட்டம். 5-ஆம் வகுப்பின் கெடுவை மட்டும் எக்காரணம் கொண்டும் தள்ளிப்போடாதீர்கள். கையில் தாள் இருக்கும்வரை இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவே மாட்டார்கள்.