யார் யாரோடு என்று எழுத மாட்டோம்

கேள்வி: உங்கள் இதழில் மாதக் கடைசியில் வரும் சினிமா, பாட்டு, பிரபலங்கள் தொகுப்பைத் தவறாமல் படிக்கிறேன். எந்த நடிகருக்கு விவாகரத்து, எந்த நடிகைக்கு யாரோடு காதல் என்று ஊரே பேசுகிறது. உங்கள் பக்கத்தில் அதைப்பற்றி ஒரு வரி கிடையாது. கானா, கேரம் போட்டி, மூடிய தியேட்டர் என்று இடத்தை நிரப்புகிறீர்கள். பிரபலம் ஆன பிறகு அந்தரங்கம் என்ன வேண்டிக்கிடக்கிறது? மக்கள் கேட்பதைத்தானே பத்திரிகை தரவேண்டும்?
- வாசகர் ஒருவர், கொருக்குப்பேட்டை

பதில்: இதைத் தர மாட்டோம். இந்த மாதம் மட்டுமல்ல, நான் இந்த நாற்காலியில் இருக்கும்வரை தர மாட்டோம்.

ஊரே பேசுகிறது என்கிறீர்கள். ஊர் எப்படிப் பேச ஆரம்பித்தது? ஒரு நடிகை கணவரோடு இருந்த படத்தை இன்ஸ்டாகிராமிலிருந்து எடுத்துவிடுகிறார். யாரோ ஒருவர் அதைப் 'பிரிந்துவிட்டார்கள்' என்று வீடியோ போடுகிறார். அதைப் பார்த்து இன்னொரு சேனல், அதைப் பார்த்து வேறொன்று. சம்பந்தப்பட்டவரிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். அவர் மறுத்தால் அந்த மறுப்பை வைத்தும் ஒரு வீடியோ. இதைச் செய்தி என்று என்னால் அச்சடிக்க முடியாது.

நம் சென்னையிலேயே நடந்த ஒரு பழைய விஷயத்தைச் சொல்கிறேன். 1940களில் சி.என். லட்சுமிகாந்தன் என்பவர் 'சினிமா தூது' என்ற பத்திரிகை நடத்தினார். நடிகர் நடிகையரின் சொந்த வாழ்க்கைதான் அதன் சரக்கு. திரைத்துறையினர் ஆளுநரிடம் முறையிட்டு, பத்திரிகையின் உரிமம் ரத்தானது. அவர் விடவில்லை. 'இந்து நேசன்' என்ற இன்னொரு பத்திரிகையில் அதே வேலையைத் தொடர்ந்தார். 1944 நவம்பர் 8ஆம் தேதி வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்தவரைக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் ஜெனரல் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

அந்த வழக்கில் பாடி நடித்துப் புகழ்பெற்ற எம்.கே. தியாகராஜ பாகவதரும் நகைச்சுவை நடிகர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். அப்போது நம் பிராட்வே தியேட்டரில் பாகவதரின் 'ஹரிதாஸ்' ஓடிக்கொண்டிருந்தது. 1944 தீபாவளிக்கு வந்து மூன்று தீபாவளி கண்ட படம். ஜனங்கள் இங்கே அவர் பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்க, பாடியவர் சிறையில் இருந்தார். 1945இல் ஆயுள் தண்டனை விதித்தார்கள். வழக்கு, அன்றைக்கு மேல்முறையீட்டின் கடைசிப் படியாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. மேல்முறையீட்டை மறுபடி விசாரித்த உயர் நீதிமன்றம் 1947இல் இருவரையும் விடுதலை செய்தது. கலைவாணர் வெளியே வந்து மறுபடி எழுந்து நின்றார். பாகவதருக்குப் பழைய இடம் கிடைக்கவே இல்லை. 1959இல் காலமானார். கொன்றது யார் என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை.

கொலைக்கு நியாயமே கிடையாது, எழுதியவன் எப்பேர்ப்பட்டவனாக இருந்தாலும். ஆனால் அந்தப் பத்திரிகையும் நன்றாக விற்றது. மக்கள் கேட்டார்கள் என்று அவரும் சொல்லியிருக்கலாம். ஒரு உயிர் போனது, ஒரு மகா பாடகரின் வாழ்க்கை நடுவில் ஒடிந்தது. வாங்கிப் படித்தவர்கள் அடுத்த பத்திரிகைக்குப் போய்விட்டார்கள்.

பெயர் போடாமல் 'மூன்றெழுத்து நடிகை' என்று எழுதலாமே என்று கேட்பவர்களும் உண்டு. அது இன்னும் கேடு. பெயர் போட்டால் அவர் மறுக்கலாம், வழக்குப் போடலாம். போடாவிட்டால் மூன்றெழுத்துப் பெயர் உள்ள அத்தனை பெண்கள் மீதும் சேறு விழுகிறது. ஒருவராலும் வாய் திறக்க முடியாது.

பிரபலத்துக்கு அந்தரங்கம் கிடையாது என்பது சட்டப்படியும் சரியில்லை. கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் தன்வரலாறு தொடர்பாக ஒரு தமிழ்ப் பத்திரிகை தொடுத்த வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயங்களைச் சேர்த்தே சொன்னது. வெளியிடும் முன்பே அரசு தடுக்கக்கூடாது. அதேசமயம் ஒருவரின் குடும்பம், திருமணம், தாய்மை பற்றி அவர் சம்மதம் இல்லாமல் எழுதக்கூடாது. நீதிமன்ற ஆவணம் போன்ற பொது ஆவணங்களில் இருப்பதற்கும், தானாகவே பொதுச் சர்ச்சைக்குள் வருபவருக்கும் விதிவிலக்கு உண்டு. எனக்கு அந்த எல்லை போதும்.

இதனால் சினிமாக்காரர்களுக்குச் சங்கடமான எதையும் தொட மாட்டோம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மலையாள சினிமாவில் பெண்கள் படும் பாட்டை விசாரித்த நீதிபதி ஹேமா குழு 2019 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. 2024 ஆகஸ்டில்தான் அது வெளியே வந்தது. அப்படி ஒன்று வரும் மாதத்தில் நடிகரின் புதுக்காரைப் பற்றியா எழுதுவது? ஒரு துணை நடிகை துணிந்து புகார் கொடுத்தால் அதற்கு எத்தனை பக்கமும் தருவேன். முதல்நாள் வசூல் இத்தனை கோடி என்று போஸ்டரில் வருவதைப் போடாததற்கும் காரணம் உண்டு. அதைச் சரிபார்க்க நம்மிடம் பொதுவான கணக்கு எதுவும் இல்லை.

இனி கானாவும் கேரமும். கொருக்குப்பேட்டையிலிருந்து இந்தச் சலிப்பு வந்ததுதான் எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. நம் வடசென்னைப் பேட்டைகளில் படப்பிடிப்பு நடத்துகிறார்கள், நம் பேச்சை எடுத்துப்போகிறார்கள், கடைசியில் திரையில் கத்தியும் கஞ்சாவுமாக நம்மைக் காட்டுகிறார்கள். இங்கத்திய குத்துச்சண்டையைப் பற்றிய 'சார்பட்டா பரம்பரை' படம் 2021இல் வந்த பிறகுதான் பல பத்திரிகைகள் நம் பழைய பாக்ஸர்களைத் தேடி வந்தன. அதற்கு முன்பும் அவர்கள் இங்கேதானே இருந்தார்கள்? சாவு வீட்டில் விடியவிடியப் பாடிய பாட்டு கானா. ஆண்கள் கையிலேயே இருந்த அதை மேடையேறிப் பாடிய நம் இசைவாணி, 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். அமெரிக்காவில் 2024 நவம்பரில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா, வடசென்னை ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள். இவர்கள் பிரபலங்கள் இல்லையென்றால் வேறு யார் பிரபலம்?

மூடிய தியேட்டர் என்றும் சொன்னீர்கள். தண்டையார்பேட்டை அகஸ்தியா 1967இல் தொடங்கி 2020இல் மூடியது. வீட்டோடு கிளம்பிப்போய், கையைக் கடிக்காத விலையில் படம் பார்த்த இடம். மால் டிக்கெட்டும் பாப்கார்னும் சேர்ந்தால் நான்கு பேர் குடும்பத்துக்கு என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். சினிமா யாருக்கு எட்டாமல் போகிறது என்பதும் சினிமாச் செய்திதான். அதை எழுத இடம் வேண்டும், அந்த இடத்தை யாருடைய படுக்கையறைக்கும் கொடுக்க முடியாது.

சரி, ஒன்று செய்யுங்கள். இந்த மாதம் கொருக்குப்பேட்டையில் எந்தத் தெருவில் யார் கானா பாடினார்கள், எந்தக் கிளப்பில் கேரம் போட்டி நடந்தது, யார் ஜெயித்தார்கள் என்று எழுதி அனுப்புங்கள். 20ஆம் தேதிக்குள் வந்தால் அடுத்த தொகுப்பில் சேர்த்துவிடலாம். பாடியவரிடம் கேட்டு, அவர் பெயரைப் பிழையில்லாமல் முழுதாக எழுதுங்கள்.