அப்பாவுக்கு எந்த ஆட்டம்? ப்ளூ ஜேஸுக்கே போங்கள்

ஏப்ரலில் டொராண்டோ வரும் அப்பாவுக்குக் கிரிக்கெட் தவிர வேறொன்றும் தெரியாது, ஒரே ஒரு ஆட்டத்துக்குத்தான் கையில் காசு இருக்கிறது, கூடைப்பந்து அணியான ராப்டர்ஸா, பேஸ்பால் அணியான ப்ளூ ஜேஸா என்று கேட்டிருந்தீர்கள். கண்ணை மூடிக்கொண்டு ப்ளூ ஜேஸ்.

இத்தனைக்கும் நான் ராப்டர்ஸ் வெறியன். 2019 பிளே ஆஃபில் ஃபிலடெல்ஃபியாவுடன் நடந்த ஏழாவது ஆட்டத்தில், எங்கள் கவாய் லெனார்ட் கடைசி நொடியில் எறிந்த பந்து வளையத்தில் நான்கு தடவை துள்ளி உள்ளே விழுந்தபோது எனக்கு மூச்சே நின்றுவிட்டது. ஆனால் கூடைப்பந்து புதிதாகப் பார்ப்பவருக்கு ரொம்ப வேகம். அப்பா திரும்பி ஒரு சந்தேகம் கேட்பதற்குள் இரண்டு கூடை விழுந்திருக்கும்.

பேஸ்பாலில் பந்துக்குப் பந்து இடைவெளி உண்டு, நிதானமாக விளக்கலாம். கீப்பர் பக்கம் தட்டிவிட்டால் ரன் கிடையாது, அது ஃபவுல் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எல்லாரும் கையுறை போட்டுக்கொண்டு கேட்ச் பிடிப்பதைப் பார்த்து நிச்சயம் கேலி செய்வார், செய்யட்டும்.

ப்ளூ ஜேஸின் மைதானமான ரோஜர்ஸ் சென்டரில், மேல் அடுக்கான 500 லெவலில், ஹோம் பிளேட்டுக்கு (பேட் செய்பவர் நிற்கும் இடம்) நேர் பின்னால் இருக்கை பாருங்கள். உயரம்தான், ஆனால் மைதானம் முழுக்கத் தெரியும். குளிரைப் பற்றிக் கவலை வேண்டாம், கூரையை மூடிவிடுவார்கள்.

அப்புறம், 2025 உலகத் தொடரின் (பேஸ்பாலின் இறுதித் தொடர்) ஏழாவது ஆட்டத்தை 11ஆவது இன்னிங்ஸில் 5-4 என்று லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸிடம் ப்ளூ ஜேஸ் கோட்டைவிட்டதைப் பற்றிப் பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டுவிடாதீர்கள், ஆட்டம் முடியும்வரை நிறுத்த மாட்டார்.