ராத்திரியில் மொத்தமாகக் குடித்தால் சரியாகிவிடுமா?

கேள்வி: என் வயது 46. தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் காலை 10 மணியிலிருந்து இரவு 9 மணிவரை சேல்ஸ் வேலை. டாய்லெட் நாலாவது மாடியில் இருப்பதால் பகலில் தண்ணீரே குடிப்பதில்லை. வீட்டுக்கு வந்ததும் இரண்டு லிட்டரை மொத்தமாகக் குடித்துவிடுகிறேன். ராத்திரி மூன்று முறை எழ வேண்டியிருக்கிறது. ஒரு வாரமாக நீர்க்கடுப்பு வேறு. ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் என்று எப்படிக் கணக்குப் போடுவது?

பதில்: முதலில் அந்த நீர்க்கடுப்பைப் பார்ப்போம். நாளைக்கே யூரின் டெஸ்ட் செய்துவிடுங்கள், கிருமித்தொற்றாக இருக்கலாம். கூடவே சர்க்கரையும் பாருங்கள். ராத்திரி எழுவதற்கு அந்த இரண்டு லிட்டரே காரணமாக இருக்கலாம். ஆனாலும் இந்த வயதில் சர்க்கரை பார்க்காமல் விட எனக்கு மனசில்லை. காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாவில் வலி, சிறுநீரில் ரத்தம் என்று ஏதாவது வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

சரி, கணக்கு. உடம்பிலிருந்து வெளியே போவதை வைத்துத் தொடங்குங்கள். சிறுநீராக ஒன்றரை லிட்டராவது போக வேண்டும். மூச்சிலும் தோலிலும் நமக்குத் தெரியாமலே முக்கால் லிட்டர் போகிறது, மலத்தில் கொஞ்சம். ஆக, சுமார் இரண்டரை லிட்டர். இதில் ஏறக்குறைய ஒரு லிட்டரைச் சாப்பாடே ஈடுகட்டிவிடும். வடித்த சோற்றிலேயே மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான். ரசமும் மோரும் வேறு இருக்கின்றன. மீதி ஒன்றரை லிட்டர்தான் நீங்கள் குடிக்க வேண்டியது. டீ, காபியும் அதில் சேர்த்தி.

இது ஏசிக்குள் நிற்கும் நாளுக்கு. கத்திரி வெயிலில் கணக்கு மாறும். சென்னைக் காற்றில் ஈரம் அதிகம், வேர்வை சட்டென்று காயாது. காயாவிட்டால் உடம்பு குளிராது, மேலும் வேர்க்கும். மாம்பலம் ஸ்டேஷன்வரை நடந்து, ரயிலில் நெரிசலில் நின்று ஊர் போய்ச் சேர்வதற்குள் புடவை நனைந்துவிடுகிறது அல்லவா? அந்த நாட்களில் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர்வரை கூட்டிக்கொள்ளுங்கள். நாள் முழுக்க வெயிலில் வேலை செய்பவர்கள் வேலைக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால், குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஒரு லிட்டர் தண்ணீர். அவர்களுக்கு உப்புப் போட்ட நீர்மோர் நல்லது.

போதுமா என்று சிறுநீரின் நிறமே சொல்லும். வெளிர் மஞ்சள் என்றால் போதும். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை சாப்பிட்டால் மட்டும் நிறத்தை நம்ப வேண்டாம்.

ஆனால் உங்கள் விஷயத்தில் அளவைவிட நேரம்தான் என்னைக் கவலைப்படுத்துகிறது. பதினோரு மணி நேரம் சிறுநீரை அடக்கி வைத்தால் கிருமிக்கு வளர அவகாசம் கிடைக்கிறது. ராத்திரி குடிப்பது அந்தப் பகலை ஈடுசெய்யாது. குறைவாகத் தண்ணீர் குடித்து, அடிக்கடி நீர்க்கடுப்பு வந்துகொண்டிருந்த பெண்கள் தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தபோது, ஓராண்டில் தொற்று ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததை 2018-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

காலையில் கிளம்புமுன் இரண்டு டம்ளர் குடியுங்கள். கடையில் ஒரு லிட்டர் பாட்டிலைச் சாயங்காலத்துக்குள் முடியுங்கள். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை டாய்லெட் போய் வாருங்கள். இரவு உணவோடு ஒரு டம்ளர் போதும். உங்களைப் போலவே தவிக்கும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, கூச்சப்படாமல் சூப்பர்வைசரிடம் பேசுங்கள். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது. நாலு மாடி ஏறி இறங்கப் பத்து நிமிடம் கேட்பது பெரிய கோரிக்கை இல்லை.

அப்புறம், வீட்டில் இதய நோயாளியோ சிறுநீரகக் கோளாறு உள்ளவரோ இருந்தால் அவருக்கு இந்தக் கணக்கைச் சொல்லிவிடாதீர்கள். அவருடைய மருத்துவர் சொன்ன அளவுதான் அவருக்கு.