நிம்மின் அப்பா திரும்பி வருவாரா?

'நிம்ஸ் ஐலேண்ட்' (2008) படத்தில் வரும் சிறுமி நிம்மின் அப்பா திரும்பி வருவாரா என்று கேட்டிருக்கிறீர்கள். வந்துவிடுவார், உயிரோடு. புயலில் படகு உடைந்து அவர் நடுக்கடலில் மாட்டிக்கொள்ளும் இடத்தில் உங்கள் மகள் அழுது படத்தை நிறுத்தச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கப்புறம்தான் நிம்மின் தோழனான பெலிக்கன் பறவை அவருக்குச் சாமான் கொண்டுவந்து கொடுக்கும். உடைந்ததையே வைத்து மிதவை கட்டி, அவரும் நிம்மும் வாழும் தீவுக்கு வந்து சேருவார்.

காசிமேட்டில் வீடு, அவள் அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர் என்கிறீர்கள். அவள் அழுதது அனேகமாகத் தன் அப்பாவை நினைத்துத்தான். "யாரை நினைச்சு அழுத?" என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். அப்பா என்று சொன்னால், முதலில் கடைசிப் பத்து நிமிடத்தைப் போட்டுக் காட்டுங்கள். முடிவு தெரிந்துவிட்டால் நடுவில் வரும் புயலைத் தாங்கிக்கொள்வாள்.

அவசரமில்லை என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறதே, அப்போது அப்பா மடியில் உட்கார்ந்து பார்க்கட்டும். எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது. காற்று ஏறினால் என்ன செய்வார்கள், வயர்லெஸ்ஸில் எப்படிப் பேசுவார்கள் என்று அவரே சொல்லட்டும்.

ஒன்று மட்டும்: நிம்மின் அம்மா திரும்பி வருவதில்லை. திமிங்கலம் விழுங்கியதாகத் தொடக்கத்திலேயே ஒரு கதை வரும். பிள்ளை கேட்டால் மழுப்பாமல் சொல்லிவிடுங்கள்.