மூணு மணிக்கா, அஞ்சு மணிக்கா?

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, நாங்கள் தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். அரையாண்டு லீவில் குடும்பத்தோடு டெல்லி, ஆக்ரா போகிறோம். நான், வீட்டுக்காரர், மாமியார், ஏழாவதும் நாலாவதும் படிக்கிற பிள்ளைகள். ஐந்து பேருக்கும் விமானம் இதுதான் முதல் தடவை. வியாழக்கிழமை விடியற்காலை 6.20-க்கு விமானம். வெள்ளிக்கிழமை ஆக்ரா, சனியும் ஞாயிறும் டெல்லி என்று பிளான் போட்டிருக்கிறோம்.

எத்தனை மணிக்கு, எதில் கிளம்புவது என்று ஒரு வாரமாக வீட்டில் சண்டை. "மெட்ரோ நம்ம வாசல்லயே கீது, அஞ்சு மணி வண்டிய புடிச்சா நேரா ஏர்போர்ட். இன்னாத்துக்கு காருக்கு தண்டம் அழுவணும்?" என்கிறார் வீட்டுக்காரர். வியாழன் காலையில் எமகண்டம், தெற்கே சூலம் வேறு, அதனால் முதல் நாள் ராத்திரியே போய் அங்கே உட்கார்ந்துவிடலாம் என்கிறார் மாமியார். கொழுந்தன் காசிமேட்டில் மீன் லோடு அடிக்கிறார். "கவலையே படாத அண்ணி, என் குட்டியானையில ஏத்திக்கினு போயி எறக்கி வுட்டுர்றேன்" என்கிறார். எங்கள் சந்துக்குள் கார் நுழையாது. இதற்கு நடுவே மாமியார் டெல்லிச் சொந்தக்காரர்களுக்குக் கருவாடு, கொப்பரை என்று கட்ட ஆரம்பித்துவிட்டார். யார் பேச்சைக் கேட்பது? சில நேரம் இந்த டூரே வேண்டாம் என்று தோன்றுகிறது.

- பெயர் வேண்டாம், தண்டையார்பேட்டை

பதில்: டூர் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் தங்கச்சி. நானும் ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் எங்கள் ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது என்று பெருமை பேசியே வளர்ந்தோம். ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு மீனம்பாக்கம் போக வேண்டும் என்றால் அந்தப் பெருமை ஒரு பைசாவுக்கு உதவாது. ஊரின் ஒரு கோடியில் நாம், மறு கோடியில் விமான நிலையம்.

முதலில் உங்கள் வீட்டுக்காரரின் கணக்கு. 2021-இல் மெட்ரோவை விம்கோ நகர் வரை நீட்டியதிலிருந்து நமக்கெல்லாம் ஏர்போர்ட்டுக்கு ஒரே வண்டி, இறங்கி ஏற வேண்டியதில்லை. அதில் அவர் சொல்வது சரி. ஆனால் முதல் வண்டி விம்கோவில் கிளம்புவதே ஐந்து மணிவாக்கில். தண்டையார்பேட்டைக்கு வந்து, உங்களை ஏற்றிக்கொண்டு மீனம்பாக்கம் தாண்டி நிற்கும்போது மணி ஆறை ஒட்டியிருக்கும். விமானம் 6.20-க்குத்தானே, இருபது நிமிடம் இருக்கிறதே என்று அவர் நினைக்கிறார். பஸ், ரயில் பழக்கம் அது. சென்ட்ரலில் கார்டு பச்சைக்கொடி காட்டும்போது ஓடிப் போய் ஏறியவர்கள்தானே நாம் எல்லோரும்.

விமானத்தில் 6.20 என்பது சக்கரம் நகரும் நேரம். உள்நாட்டு விமானத்துக்குப் பெட்டி போடுகிற கவுண்ட்டரைப் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். அதாவது 5.20. ஏறுகிற கேட்டை இருபத்தைந்து நிமிடம் முன்னால் மூடுவார்கள். அது 5.55. மெட்ரோவில் போனால் நீங்கள் போய்ச் சேரும்போது இரண்டுமே மூடியிருக்கும். ஆகவே அவரிடம் 6.20 என்ற எண்ணையே மறக்கச் சொல்லுங்கள். "நம்ம வண்டி அஞ்சு இருபதுக்கு" என்று சமையலறைக் காலண்டரில் கொட்டை எழுத்தில் எழுதி வையுங்கள்.

அங்கிருந்து பின்னாலே எண்ணிக்கொண்டு வாருங்கள். லீவு நேரம், வாசலில் டிக்கெட்டும் ஆதாரும் காட்டி உள்ளே போவதற்கே வரிசை நிற்கும், உங்களுக்கோ எல்லாம் புதுசு. எனவே 4.20-க்கு அங்கே இருக்க வேண்டும். அந்நேரத்தில் ரோடு காலியாக இருந்தால் முக்கால் மணி நேரம் போதும். கால் மணி நேரம் கையிருப்பு. மெயின் ரோட்டில் வண்டி 3.15-க்குப் புறப்பட வேண்டும். முதல் நாள் ராத்திரியே போய் நாற்காலியில் தூங்கி விழ வேண்டாம். இரண்டு பிள்ளைகளும் டெல்லியில் இறங்கும்போது காய்ச்சலோடு இறங்கும்.

பீச்சிலிருந்து நாலு மணியை ஒட்டி தாம்பரம் மின்சார ரயில் உண்டே, திரிசூலத்தில் இறங்கினால் எதிரே விமான நிலையம்தானே என்று யாராவது யோசனை சொல்வார்கள். முதுகுப் பையோடு தனியாகப் போகிற பையனுக்கு அது நல்ல வழி. வயசான மாமியார், இரண்டு பிள்ளைகள், நாலு பெட்டியோடு சுரங்கப்பாதையில் இறங்கி ஏற உங்களால் முடியாது.

கார்தான். ஐந்து பேருக்கும் பெட்டிக்கும் சின்ன கார் போதாது. இன்னோவா மாதிரி பெரிய வண்டியாக, உங்கள் பேட்டையிலேயே முகம் தெரிந்த டிராவல்ஸில் அட்வான்ஸ் கொடுத்துச் சொல்லி வையுங்கள். செல்போனில் புக் பண்ணிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள், நான் பட்டவள். ஒரு தடவை 3.30-க்கு வண்டி சொல்லிவிட்டுப் பெட்டியோடு வாசலில் நிற்கிறேன். 3.20-க்கு டிரைவர் போன் பண்ணி, "எங்க மேடம் போகணும்? கேஷா, ஆன்லைனா?" என்றார். ஆன்லைன் என்றேன். அவ்வளவுதான், போனும் போச்சு, வண்டியும் போச்சு. என் வீட்டுக்காரர் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓடினார். நோயாளிகளுக்காக அங்கே ராத்திரியெல்லாம் ஆட்டோ நிற்கும். கவுண்ட்டர் மூட ஐந்து நிமிடம் இருக்கும்போது போய் நின்றோம். அப்புறம் இரண்டு நாள் என்னோடு அவர் பேசவில்லை, ஏதோ நான்தான் டிரைவரைத் திருப்பி அனுப்பிய மாதிரி!

கொழுந்தனின் மனசு தங்கம். ஆனால் குட்டியானை சரக்கு வண்டி, அதில் ஆளை ஏற்றுவது சட்டப்படி தப்பு. அது கிடக்கட்டும், மீன் லோடு அடித்த வண்டியில் ஏறிப் போனால் டெல்லி வரை உங்கள் பக்கத்து சீட்டுக்காரர் பாடு என்னாவது? அவருக்கு வேறொரு வேலை வைத்திருக்கிறேன். காசிமேட்டில் ஏலத்துக்காக அந்நேரம் அவர் முழித்திருப்பார். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் எது வரை வரிசை கட்டி நிற்கின்றன என்பது அவருக்குத்தான் தெரியும். 2.45-க்கு உங்களுக்குப் போன் அடித்து ரோடு நிலவரம் சொல்லச் சொல்லுங்கள். கடற்கரைப் பக்க ரோடு அடைத்திருந்தால் திருவொற்றியூர் ஹை ரோட்டில் வந்து, மின்ட், சென்ட்ரல், மவுண்ட் ரோடு, கிண்டி என்று போய்விடலாம். அலாரம் அடித்தும் நீங்கள் எழுந்திருக்கவில்லை என்றால் அந்த போன் எழுப்பும்.

இனி மாமியார். தினசரி காலண்டரைக் கிழிக்கிற வீட்டில் வளர்ந்தவர்களிடம் "அதெல்லாம் மூடநம்பிக்கை அத்தை" என்று ஆரம்பித்தீர்களோ, டூர் அங்கேயே முடிந்தது. அவர் வழியிலேயே போய்ப் பேசுங்கள். பஞ்சாங்கத்தில் நாள் பிறப்பது நடு ராத்திரி பன்னிரண்டுக்கு அல்ல, சூரிய உதயத்தில். வியாழன் விடியற்காலை மூன்றேகாலுக்கு நீங்கள் வாசற்படி தாண்டும்போது பஞ்சாங்கப்படி இன்னும் புதன்கிழமை. புதனுக்கு வடக்கேதான் சூலம், நீங்கள் போவதோ தெற்கே. எமகண்டமும் உதயத்திலிருந்து எண்ணுவதுதான். காலண்டரில் ஆறு முதல் ஏழரை என்று போட்டிருப்பது, ஆறு மணிக்குச் சூரியன் உதிப்பதாக வைத்து. மார்கழியில் சென்னையில் சூரியன் தலை காட்ட ஆறரையை நெருங்கிவிடும். அதற்குள் உங்கள் விமானம் கிளம்பியிருக்கும். பஞ்சாங்கத்தையே வைத்துப் பஞ்சாங்கத்தை ஜெயிக்கலாம், சும்மா பயப்படாதீர்கள்.

அப்படியும் மனசு ஒப்பவில்லை என்றால் பழைய வழி ஒன்று இருக்கிறது: பரஸ்தானம். ஊருக்குப் போகிற நாள் சரியில்லை என்றால், நல்ல நேரம் பார்த்து முன்கூட்டியே மூட்டை முடிச்சில் ஒன்றை வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. பிரயாணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. என் பாட்டி காசிக்குப் போகும்போது ஒரு செம்பையும் புடவையையும் எதிர்வீட்டில் வைத்துவிட்டுத்தான் தூங்கினார். உங்கள் சந்தில் கார் நுழையாது என்று எழுதியிருக்கிறீர்களே, மெயின் ரோட்டோரம் தெரிந்தவர் வீடோ கடையோ இருக்கும் அல்லவா? புதன்கிழமை மாலை, மாமியார் சொல்கிற நேரத்தில், பெரிய பெட்டிகளை எல்லாம் அங்கே பரஸ்தானமாக வைத்துவிடுங்கள். விடியற்காலையில் நாய்கள் குரைக்க, சக்கரம் கடகடக்க, சந்து முழுக்க எழுப்பிக்கொண்டு இழுத்துவர வேண்டாம். மார்கழிக் கோலம் போட எழுகிற மாமியார், அன்று மட்டும் அரை மணி முன்னால் எழுந்து வாசலில் இரண்டு இழை இழுத்துவிட்டுக் கைப்பையோடு நடந்து வருவார்.

மூட்டையில் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும். கொப்பரைக்கு அனுமதி இல்லை. எண்ணெய் ஊறிய பொருள், சுலபமாகத் தீப்பற்றும். அதே காரணத்தால் பூஜைப் பையிலிருக்கும் கற்பூரமும் தீப்பெட்டியும் கூடாது. விபூதி, குங்குமம் தாராளமாக வரலாம். கருவாட்டை இரண்டு மூன்று கவர் போட்டு, டப்பாவில் அடைத்து, பெரிய பெட்டிக்குள் வையுங்கள். வாடை வெளியே வந்தால் கவுண்ட்டரில் மறுத்துவிடுவார்கள். ஊறுகாயும் பெட்டியில்தான். ஆனால் உங்கள் வீட்டுக்காரரின் பவர் பேங்க் நேர்மாறு: அது பெட்டியில் போகவே கூடாது, கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெரும்பாலான டிக்கெட்டில் ஆளுக்கு 15 கிலோ பெட்டி, 7 கிலோ கைப்பை. அரிசிக் கடைத் தராசில் ஒரு தடவை நிறுத்துப் பார்த்துவிடுங்கள். மாமியாருக்கு முட்டி வலி இருந்தால் சக்கர நாற்காலி வேண்டும் என்று டிக்கெட் எடுத்த இடத்தில் இப்போதே சொல்லி வையுங்கள். "நான் இன்னா நோயாளியா?" என்பார். டெல்லி விமான நிலையத்தில் நடந்து முடிப்பதற்குள் அவரே கேட்பார்.

டிக்கெட்டில் பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா, இனிஷியல் இடம் மாறியிருக்கிறதா, முதலாம் டெர்மினலா நான்காம் டெர்மினலா, இதையெல்லாம் வீட்டுக்காரர் பார்க்கட்டும். வண்டிக்காரரிடம் பேசுவதும் அவர் பொறுப்பு. உங்கள் கடிதத்தைப் படித்தால் எல்லோருக்கும் ஆளுக்கொரு கருத்து, உங்களுக்கு மட்டும் வேலை என்று தெரிகிறது. இரண்டு மணிக்கு எழுந்து இட்லி அவிக்கிற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். முதல் நாள் ராத்திரி பொடி இட்லி தடவி வைத்தால் டெல்லி வரை தாங்கும். ஒன்பது மணிக்குப் படுத்துவிடுங்கள்.

டிசம்பர் கடைசியில் டெல்லியில் பனிமூட்டம். விமானம் லேட் என்று மெசேஜ் வந்தாலும் பழைய நேரத்துக்கே போய் நில்லுங்கள். ஸ்வெட்டரைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடாமல் கையில் வையுங்கள். திரும்பி வரும்போது ராத்திரி பத்துக்குள் இறங்கினால் உங்கள் வீட்டுக்காரர் ஆசைப்பட்ட மெட்ரோவிலேயே வீட்டுக்கு வரலாம். அதையும் சொல்லிவிடுங்கள், மனசு ஆறும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. வெள்ளிக்கிழமை ஆக்ரா என்று எழுதியிருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமைகளில் தாஜ்மகால் மூடியிருக்கும். வெள்ளிக்குக் குதுப் மினாரை வைத்துக்கொண்டு ஆக்ராவைச் சனிக்கு மாற்றுங்கள், அதுவும் பனி விலகிய பிறகு போகிற மாதிரி. ரயில் டிக்கெட் ஏற்கெனவே போட்டாயிற்று என்றால் இன்றைக்கே மாற்ற வேண்டும். வீட்டுக்காரரிடம் இதை முதலில் சொல்லுங்கள், மெட்ரோ பேச்சை அப்புறம் எடுக்கலாம்.