காவல் நாய்க்குப் பச்சை இறைச்சி கொடுக்கலாமா?

கேள்வி: கோவில்பட்டி அருகே 60 செம்மறி ஆடுகளும் ஒரு கறவை மாடும் வைத்திருக்கிறேன். பட்டிக் காவலுக்கு 20 கிலோ எடையுள்ள சிப்பிப்பாறை நாய் ஒன்றும், நான்கு மாதக் குட்டி ஒன்றும் உள்ளன. இதுவரை மோர்ச்சோறும் மிச்சமாகும் குழம்புச் சோறும்தான் வைத்து வந்தோம். பெரிய நாயின் முடி மங்கி, உடல் இளைத்துவிட்டது. இறைச்சி, ஈரல், எலும்பு ஆகியவற்றைப் பச்சையாகக் கொடுத்தால் நாய் நோயின்றித் திடமாக இருக்கும் என்கிறார்கள். கறிக்கடையில் நுரையீரலும் ஈரலும் மலிவாகக் கிடைக்கின்றன. சமைக்காமலே கொடுக்கலாமா?

பதில்: இறைச்சி கொடுங்கள், பச்சையாகக் கொடுக்காதீர்கள். ஆடு வளர்க்கும் வீட்டில் இதை நாயின் நலனை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது.

பச்சை உணவுக்கு மாறிய நாயின் முடி பளபளப்பாவதைப் பலர் கண்ணால் பார்த்துச் சொல்கிறார்கள். அதில் பொய் இல்லை. ஆனால் மோர்ச்சோற்றில் புரதமும் கொழுப்பும் மிகக் குறைவு என்பதால், அதையே தின்று வந்த நாய்க்கு இறைச்சி கிடைத்தவுடன் தோலும் முடியும் தேறுகின்றன. அந்த நன்மை இறைச்சியால் வந்தது, சமைக்காததால் வந்ததல்ல. வேகவைத்துக் கொடுத்தாலும் அதே பலன் கிடைக்கும். நாய் ஓநாயின் வழிவந்தது, அதனால் அதற்குச் சோறு ஆகாது என்ற வாதமும் முழுமையானதல்ல. மனிதனோடு வாழத் தொடங்கிய பிறகு மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுவின் பிரதிகள் நாயிடம் ஓநாயைவிடப் பல மடங்கு பெருகியிருப்பது 2013-இல் வெளியான மரபணு ஆய்வில் தெரியவந்தது. நன்றாக வெந்த சோற்றை உங்கள் நாய் தாராளமாகச் செரிக்கும்.

இனி, நீங்கள் வாங்க நினைக்கும் நுரையீரலுக்கும் ஈரலுக்கும் வருவோம். ஆடு மாடுகளின் இவ்விரு உறுப்புகளில்தான் நீர்க்கட்டிகள் அதிகம் காணப்படுகின்றன. அக்கட்டிக்குள் இருப்பது எக்கினோகாக்கஸ் என்னும் நாடாப்புழுவின் இளம்பருவம். அதை நாய் பச்சையாகத் தின்றால், ஏறக்குறைய ஆறு முதல் எட்டு வாரங்களில் குடலில் புழுக்கள் முதிர்ந்து, சாணத்தோடு முட்டைகள் வெளியேறத் தொடங்கும். நாயிடம் பெரும்பாலும் எந்த நோய்க்குறியும் தெரியாது. அந்த முட்டைகள் மேய்ச்சல் புல்லிலும் தண்ணீர்த் தொட்டியிலும் கலந்து உங்கள் ஆடுகளுக்குச் செல்லும். நாயைத் தடவிய கையைக் கழுவாமல் உண்ணும் குழந்தையின் வயிற்றுக்குள்ளும் போகும். மனிதருக்கு ஈரலிலும் நுரையீரலிலும் கட்டி மெல்ல வளர்ந்து, பல ஆண்டுகள் கழித்தே வெளிப்படும்; அறுவை சிகிச்சை வரை கொண்டுபோகும். ஆட்டுத் தலையைப் பச்சையாகப் போடுவதிலும் இதே ஆபத்து உண்டு. மூளையில் கட்டி உள்ள ஆட்டின் தலையைத் தின்ற நாயிடமிருந்து வேறொரு நாடாப்புழுவின் முட்டை மந்தைக்குப் பரவி, ஆடுகள் தலையைச் சாய்த்து ஒரே பக்கமாகச் சுற்றும் நோயை உண்டாக்குகிறது.

கறவை மாடு இருப்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கன்று ஈன்றபின் விழும் இளங்கொடியையோ கருச்சிதைந்த கன்றையோ நாய் தின்ன விடக்கூடாது. மாடுகளில் கருச்சிதைவை உண்டாக்கும் நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணி அவ்வழியாக நாய்க்குப் போய், மீண்டும் தீவனத்தின் மூலம் மாட்டுக்கே வரும். இளங்கொடியைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடும் நம் ஊர் வழக்கம், காரணம் எதுவாக இருந்தாலும், அதை நாய்க்கு எட்டாமல் வைத்தது. ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைப்பது இன்னும் நல்லது.

பச்சைக் கோழிக் கழிவில் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் இருக்கக்கூடும். குளிர்பதனப் பெட்டியில் உறைய வைப்பதால் அவை அழிவதில்லை. ஆகவே கோழியானாலும் ஆட்டு ஈரல், நுரையீரலானாலும் சிறு துண்டுகளாக நறுக்கி, தண்ணீர் கொதித்த பிறகு குறைந்தது அரை மணி நேரம் வேகவையுங்கள். வெந்த எலும்பு கூர்மையாகப் பிளந்து குடலைக் கிழிக்கும் என்பதால் எலும்பை நீக்கிவிட வேண்டும்.

எலும்பை நீக்கினால் சுண்ணாம்புச்சத்துக்கு வழி என்ன என்பது அடுத்த கேள்வி. வீட்டு உணவு பெரும்பாலும் தவறுவது இங்கேதான். வெறும் இறைச்சியில் சுண்ணாம்புச்சத்தைப் போல 15 முதல் 20 மடங்கு பாஸ்பரஸ் இருக்கிறது. நாய்க்கோ பாஸ்பரஸைவிடச் சுண்ணாம்புச்சத்து சற்றுக் கூடுதலாகவே தேவை. இந்தக் குறை நீடித்தால் உடல் தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்புச்சத்தை எடுத்துக்கொள்ளும். முட்டை ஓட்டைக் கழுவிக் காயவைத்து, வறுத்து, மாவாக அரைத்து வைத்துக்கொண்டால் செலவில்லாமல் தீர்ந்துவிடும்.

உங்கள் 20 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 350 முதல் 400 கிராம் சோறு, எலும்பு நீக்கி வேகவைத்த இறைச்சி 250 கிராம், வெந்த பூசணி அல்லது கேரட் ஒரு கைப்பிடி, ஒரு தேக்கரண்டி எண்ணெய், அரைத் தேக்கரண்டி முட்டை ஓட்டு மாவு எனக் கணக்கிட்டு, இரு வேளையாகப் பிரித்துக் கொடுக்கலாம். இறைச்சியில் ஈரலின் பங்கு 25 கிராமைத் தாண்ட வேண்டாம். தொடர்ந்து அதிகமானால் வைட்டமின் ஏ உடலில் தேங்கிக் கெடுதல் செய்யும். வாரத்தில் இரண்டு நாள் இறைச்சிக்குப் பதிலாக, முள் நீக்கி வேகவைத்த சாளை மீன் கொடுத்தால் முடிக்கு நல்லது. துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, ஈ ஆகியவை இந்த உணவில் குறையும் என்பதால், நாய்க்குரிய தாது உப்பு, வைட்டமின் கலவையைக் கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் சேருங்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழிப்பவை. குழம்புச் சோற்றை இன்றோடு நிறுத்திவிடுங்கள். புதிய உணவை ஒரு வாரத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள். சிப்பிப்பாறை இயல்பிலேயே ஒட்டிய வயிறு கொண்ட வேட்டை நாய். கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் தெரிவதை இளைப்பு என்று எண்ணி அளவை ஏற்றிக்கொண்டே போக வேண்டாம்.

குட்டிக்கு மேற்சொன்ன கணக்கு பொருந்தாது. வளரும் எலும்புக்குச் சுண்ணாம்புச்சத்து குறைந்தாலும் கால் வளையும். சுண்ணாம்புச்சத்து டானிக்கை அளவின்றி ஊற்றினாலும் எலும்பு வளர்ச்சி கெடும். ஒரு வயது வரை குட்டிகளுக்கென விற்கும் முழுமையான தீவனத்தையே முக்கிய உணவாக வைத்து, வேகவைத்த முட்டையையோ இறைச்சியையோ சிறிதளவு மட்டும் சேர்ப்பது பாதுகாப்பானது.

உணவை மாற்றுவதற்கு முன் பெரிய நாய், குட்டி இரண்டையும் அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய்ச் சாணத்தைப் பரிசோதியுங்கள். மங்கிய முடிக்கும் இளைப்புக்கும் குடற்புழுவும் உண்ணியும் காரணமாக இருக்கலாம். நாடாப்புழுவுக்குப் பிராசிகுவான்டெல் மருந்து கிலோ எடைக்கு 5 மில்லிகிராம் என்ற அளவில் கொடுக்கப்படுகிறது. வாங்கும்போது மாத்திரையில் அம்மருந்து இருக்கிறதா என்று பாருங்கள், ஏனெனில் எல்லாக் குடற்புழு மாத்திரையும் நாடாப்புழுவைக் கொல்வதில்லை. எத்தனை வாரத்துக்கு ஒருமுறை என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இம்மருந்து புழுவைக் கொல்லுமே தவிர முட்டையைக் கொல்லாது. ஆகையால் மருந்து கொடுத்த பிறகு இரண்டு மூன்று நாட்கள் நாயைக் கட்டி வைத்து, அதன் சாணத்தை எரித்துவிடுங்கள் அல்லது ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.